கிரைண்டர் வீல் அதிர்கிறதா, உதறுகிறதா, உடைகிறதா? அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

சொல்லாமல் கொள்ளாமல் உடையும் வீல் குறைவு. அதிர்வு, சத்தத்தில் மாற்றம், வெட்டும்போது ஒரு இழுப்பு, விளிம்பில் சின்னச் சில்லு என்று ஏதாவது ஒன்றை முன்கூட்டியே காட்டிவிடும். அதைப் பார்த்த பிறகும் "இந்த ஒரு ஜாப் முடியட்டும்" என்று ஓட்டுவதுதான் பிரச்சினை.

இங்கே பேசுவது இரண்டு வகையைப் பற்றி. ஒன்று, பெஞ்ச் கிரைண்டரில் ஓடும், சூளையில் சுட்டு இறுக்கிய கல் வீல். இன்னொன்று, கை கிரைண்டரில் ஓடும் பிசின் டிஸ்க். இதற்குள் கண்ணாடி நார் வலை இருக்கும். வைர டிஸ்க்கைப் பற்றிக் கடைசிப் பக்கமாகக் கொஞ்சம்.

கணக்கில் இரண்டை மட்டும் மனதில் வையுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் வீலைப் பிய்க்கும் இழுவிசை நான்கு மடங்காகும். அந்த இழுவிசை அதிகமாக விழும் இடம் விளிம்பு அல்ல, நடுத்துளையின் ஓரம். ஆகவே துளை, ஃபிளாஞ்ச் (வீலை இருபுறமும் பிடிக்கும் வட்டத் தகடு), நட்டு மூன்றையும் பார்க்காமல் வீலைக் குறை சொல்லக் கூடாது.

## எதையும் தொடுவதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கை கிரைண்டரைப் புரட்டும்போது சுவிட்ச் தெரியாமல் அழுந்துவது சாதாரணம். கல் வீல் தானாக நிற்கட்டும், பக்கவாட்டில் கட்டையை அழுத்தி நிறுத்தாதீர்கள். காற்றில் ஓடும் கிரைண்டர் என்றால் குழாயைக் கழற்றி, உள்ளே மிச்சமிருக்கும் காற்றையும் வெளியேற்றுங்கள்.

சரிபார்த்து மறுபடி ஓட்டும் ஒவ்வொரு முறையும் சேஃப்டி கார்டு (வீலை மூடியிருக்கும் தகடு) இடத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் அதற்கு மேல் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். வீல் சுற்றும் தளத்துக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, பெஞ்ச் கிரைண்டரை ஒரு நிமிடம், கை கிரைண்டரை அரை நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். மாட்டுவதில் நேர்ந்த தவறு பெரும்பாலும் இந்த நேரத்திலேயே தெரிந்துவிடும்.

## அறிகுறி: புது வீல், போட்டவுடனே அதிர்கிறது

முதலில் அழுக்கு. வீலைக் கழற்றி, இரண்டு ஃபிளாஞ்சின் உட்பக்கத்தையும் துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் ஒரு பொடித்துணுக்கு, அல்லது விளிம்பில் எழும்பி நிற்கும் பிசிறு, வீலைச் சாய்த்து உட்கார வைக்கும். நட்டை இறுக்கும்போது முழு அழுத்தமும் அந்த ஒரு புள்ளியில் விழும். பிசிறு இருந்தால் மெல்லிய அரத்தால் தட்டையாக எடுத்துவிடலாம்.

பேப்பர் வாஷர். கல் வீலின் இருபுறமும் ஒட்டிவரும் வட்டமான அட்டை, லேபிளுக்காக மட்டும் இருப்பதல்ல. கல்லின் கரடுமுரடான பரப்புக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவே மெத்தையாக இருப்பது அதுதான். கிழிந்துவிட்டால் அதே அளவில் கெட்டியான காகித அட்டையில் வெட்டிப் போடுங்கள். அது ஃபிளாஞ்சைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. கை கிரைண்டரின் பிசின் டிஸ்க்குக்குத் தனியாக இது தேவையில்லை.

துளை. வீல் ஸ்பிண்டிலில் (அதைச் சுற்றும் தண்டில்) கையால் தள்ளினாலே போக வேண்டும், லொடலொடவென்றும் ஆடக் கூடாது. தளர்வாக இருந்தால் சரியான அளவு புஷ் (துளையைச் சிறிதாக்கும் வளையம்) போடுங்கள். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். இறுக்கமாக இருக்கிறதே என்று சுத்தியால் தட்டி ஏற்றுவது அதைவிட மோசம். ஓட ஓட ஸ்பிண்டில் சூடாகி விரியும். கல் அந்த அளவுக்கு விரியாது. துளையின் ஓரத்தில் விரிசல் பிறக்கும். துளையைச் சுரண்டிப் பெரிதாக்குவதும் கூடாது. அந்த வீல் உங்கள் மெஷினுக்கானது இல்லை, அவ்வளவுதான்.

ஃபிளாஞ்ச் ஜோடி. பெஞ்ச் கிரைண்டரில் இரண்டு ஃபிளாஞ்சும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும், வீலின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. 150 மி.மீ. வீலுக்கு 50 மி.மீ., 200-க்குக் குறைந்தது 67. நடுவில் பள்ளம் எடுத்து, வெளிவளையம் மட்டும் வீலைத் தொடுமாறு இருப்பதுதான் சரியான ஃபிளாஞ்ச். தொலைந்துபோன ஃபிளாஞ்சுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த வாஷரைப் போட்டு ஓட்டும் மெஷின்கள் நிறைய. வீல் நடுவில் உடைய இதைவிட நேரான வழி கிடையாது.

வீலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்னது எல்லாம் சரியென்றால் நட்டைத் தளர்த்தி, வீலை 90 பாகை திருப்பி இறுக்கி ஓட்டுங்கள், பிறகு 180. ஏதாவது ஒரு நிலையில் அதிர்வு அடங்கினால் வீலில் லேசான எடை ஏற்றத்தாழ்வு, டிரஸ்ஸர் (கல்லின் முகத்தைச் சீவிச் சமன்செய்யும் கருவி) போட்டால் தீரும். எந்த நிலையிலும் மாற்றமே இல்லை என்றால் ஸ்பிண்டிலைச் சந்தேகப்படுங்கள். வீலைக் கழற்றி, டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) ஸ்பிண்டிலின் மேல் வைத்துக் கையால் சுற்றுங்கள். ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் பெஞ்ச் கிரைண்டருக்குப் போதும். அதற்கு மேல் போனால் ஸ்பிண்டில் வளைந்திருக்கிறது அல்லது பேரிங் போய்விட்டது.

நட்டைக் கழற்றும்போது ஒன்று: பெஞ்ச் கிரைண்டரின் இடது பக்க மரை இடது மரை, அதாவது வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் "இறுகிப்போச்சு" என்று நீளக் குழாய் மாட்டி இழுத்தால், கழற்றுவதாக நினைத்துக்கொண்டு கல்லை நசுக்கிக்கொண்டிருப்பீர்கள். மாட்டும்போதும் வீல் நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். ஓட்டத்தில் அது தானே இறுகும் திசையில்தான் மரை வெட்டப்பட்டிருக்கிறது.

*மெக்கானிக்கிடம் போக வேண்டிய கட்டம்:* ஸ்பிண்டில் வளைந்திருந்தால். அழுத்தி நிமிர்த்திய ஸ்பிண்டிலை நம்பி வீல் மாட்டாதீர்கள்.

## அறிகுறி: இத்தனை நாள் நன்றாக ஓடிய வீல் இப்போது அதிர்கிறது

கல்லின் வெட்டும் முகத்தைப் பாருங்கள். பளபளவென்று இருக்கிறதா, உலோகத் துணுக்குகள் புள்ளிபுள்ளியாக அப்பியிருக்கின்றனவா? அலுமினியம், பித்தளை போன்ற மென்மையான உலோகத்தை இரும்புக்கான கல்லில் பிடித்திருப்பார்கள். கல் அடைத்துக்கொண்டால் வெட்டாது, தேய்க்கும், சூடு ஏறும், பிடிப்பவர் இன்னும் அழுத்துவார். நட்சத்திர டிரஸ்ஸரை டூல் ரெஸ்ட்டில் (தேய்க்கும் பொருளைத் தாங்கும் மேடையில்) ஊன்றி, இடமும் வலமுமாக ஒரே சீராக நகர்த்தி, புதுக் கல் தெரியும்வரை எடுங்கள். அதோடு வட்டமும் சரியாகும்.

டிரஸ் செய்தபின் டூல் ரெஸ்ட்டைத் திரும்ப நெருக்கி வையுங்கள். கல்லுக்கும் ரெஸ்ட்டுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கார்டின் மேல் வாயில் உள்ள நாக்குத் தகட்டுக்கு 6 மி.மீ. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கல் தேயத் தேய இடைவெளி வளரும், ஒருநாள் சின்னத் துண்டு ஒன்று அதற்குள் இழுத்துக்கொண்டு போய் ஆப்பு மாதிரி இறங்கும். வீல் அங்கேயே பிளக்கும்.

குளிர்விக்கும் நீர் பாயும் மெஷினா? அப்படியானால் காலையில் போட்டவுடன் அதிர்ந்து, சற்று நேரத்தில் அடங்குகிறதா என்று கவனியுங்கள். இரவு முழுக்க நின்ற வீலின் அடிப்பாகத்தில் நீர் இறங்கித் தங்கிவிட்டது என்று அர்த்தம். வேலை முடிக்கும்போது முதலில் நீரை நிறுத்தி, வீலைச் சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நீரை உதறச் செய்த பிறகே மோட்டாரை அணையுங்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் பேரிங். பிளக்கைப் பிடுங்கி, வீலைக் கழற்றி, ஸ்பிண்டிலை மேலும் கீழும் ஆட்டுங்கள். பிறகு மெதுவாகச் சுற்றுங்கள். விரலுக்கு மணல் அரைவது போலத் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

அதிர்வு ஒரே நாளில், திடீரென்று வந்திருந்தால் மேலே சொன்ன வரிசையைத் தள்ளிவையுங்கள். நேராக அடுத்த சோதனைக்குப் போங்கள்.

## அறிகுறி: தட்டினால் சத்தம் சரியில்லை

கல் வீலை மாட்டும் முன் ஒவ்வொரு முறையும், கீழே விழுந்தாலோ இடிபட்டாலோ கட்டாயமாகவும் செய்ய வேண்டிய சோதனை இது. வீல் உலர்ந்து, தூசியின்றி இருக்கட்டும். சின்ன வீலைத் துளையில் விரலோ கம்பியோ கொடுத்துத் தொங்கவிடுங்கள். கனமானதைச் சுத்தமான கெட்டித் தரையில் நிமிர்த்தி நிறுத்துங்கள். ஸ்க்ரூ டிரைவரின் மரக் கைப்பிடியால், கனமான வீலுக்கு மரச் சுத்தியால், மெல்லத் தட்டுங்கள். தட்ட வேண்டிய இடம், உச்சியிலிருந்து இருபுறமும் 45 பாகை தள்ளி, விளிம்பிலிருந்து 25 முதல் 50 மி.மீ. உள்ளே. பிறகு வீலை 45 பாகை திருப்பி மறுபடி.

தெளிவாகக் கணீரென்றால் நல்லது. விரிசல் விட்ட பானையைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம் வந்தால்:

- வீல் ஈரமா? நன்றாக உலர்த்தி மறுபடி தட்டுங்கள்.
- பிசின் வீலா? அது கல் வீல் அளவுக்குக் கணீரென்று ஒலிக்காது. அதே அளவு நல்ல வீலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
- 100 மி.மீ. அல்லது அதற்குச் சிறியதா? இந்தச் சோதனை அதற்குச் சரிவராது. வெளிச்சத்தில் துளையின் ஓரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.
- உலர்ந்த, பெரிய கல் வீல், ஒரே ஒரு இடத்தில் மட்டும் மந்தமாக ஒலிக்கிறது? அந்த இடத்துக்கு அருகே விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது.

விரிசலுக்குப் பசை, எபாக்ஸி, "மெதுவான மெஷினில் போட்டுக்கலாம்" எதுவும் கிடையாது. சுத்தியால் இரண்டாக உடைத்துத்தான் குப்பையில் போட வேண்டும். முழுசாக ஓரமாக வைத்தால் அடுத்த ஷிஃப்ட்டில் யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

## அறிகுறி: கட்டிங் டிஸ்க் சிக்கி, மெஷின் உதறுகிறது

பெரும்பாலும் கோளாறு ஜாப்பைத் தாங்கியிருக்கும் விதத்தில்தான். நீளமான குழாயை இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் வெட்டினால், வெட்டு முடியும் தறுவாயில் குழாய் தொய்ந்து வெட்டு வாயை மூடிக்கொள்ளும், டிஸ்க் கவ்வப்படும். வெட்டும் இடத்துக்கு அருகிலேயே தாங்கிவைத்து, துண்டாகிற முனை கீழே தொங்கும்படி விடுங்கள். வாய் விரிந்துகொண்டே போகும்.

தாங்குதல் சரியென்றால் கையைப் பாருங்கள். ஒரு முறை இறங்கிய கோட்டிலிருந்து டிஸ்க்கைத் திருப்பக் கூடாது; வளைவாக வெட்ட முடியாது. பாதி வெட்டில் நிறுத்தினால், மறுபடி முழு வேகம் வந்த பிறகே பழைய வாய்க்குள் இறக்குங்கள். 1 மி.மீ. டிஸ்க் வேகமாக வெட்டும், பக்கவாட்டு வளைவைத் தாங்காது. கை நிலையாக நிற்காத இடத்தில், தலைக்கு மேலோ மூலையிலோ வெட்டும்போது, 2.5 அல்லது 3 மி.மீ. போடுவது புத்திசாலித்தனம்.

உதறல் ஒன்று நடந்துவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேசாக வளைந்திருந்தாலும், வலையின் நார் எங்காவது எட்டிப் பார்த்தாலும் தூக்கிப் போடுங்கள்.

## அறிகுறி: டிஸ்க் உடைந்தே விட்டது

துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். பொறுக்கி, தரையில் வட்டமாக அடுக்குங்கள். உடைந்த விதம் கோர்ட்டில் நிற்கும் சாட்சி இல்லை; ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்று சொல்லும்.

### நடுப்பகுதி ஃபிளாஞ்சிலேயே நிற்க, சுற்றுப்பகுதி கழன்று போயிருந்தால்

பக்கவாட்டில் வளைத்திருக்கிறார்கள். கட்டிங் டிஸ்க்கின் பக்கத்தால் பிசிறு தேய்ப்பதுதான் முதல் சந்தேகம். அதற்கென்று 6 மி.மீ. தடிமனில், நடுவில் குழிந்த கிரைண்டிங் டிஸ்க் இருக்கிறது. அதையும் 20 முதல் 30 பாகை சாய்வில் பிடிப்பதுதான் முறை.

அடுத்தது நட்டு. பல கை கிரைண்டர்களில் நட்டு இரு முகம் கொண்டது. தடித்த கிரைண்டிங் டிஸ்க்குக்கு மேடான முகம் டிஸ்க்கைப் பார்த்து இருக்க வேண்டும், மெல்லிய கட்டிங் டிஸ்க்குக்குத் தட்டை முகம். மாற்றிப் போட்டால் மெல்லிய டிஸ்க் சரியாகப் பிடிபடாது, ஓட்டத்தில் லேசாக அலையும். உங்கள் மெஷினின் குறிப்பேட்டில் படம் இருக்கும்.

### துளையிலிருந்து விளிம்புவரை நேராகப் பிளந்து, இரண்டு மூன்று பெரிய துண்டானால்

வேகம் அல்லது துளை. வேகத்தைப் பற்றி அடுத்த தலைப்பில் விரிவாக. துளையின் ஓரத்தில் பழைய கறை படிந்த உடைவு தெரிந்தால், விரிசல் முன்பே இருந்திருக்கிறது. உடைந்த முகம் முழுவதும் ஒரே நிறத்தில் புதிதாக இருந்தால் வேகத்தைத் தேடுங்கள்.

### விளிம்பில் மட்டும் பிறை வடிவில் பிய்ந்திருந்தால்

இடி அல்லது சிக்கல். பெட்டியில் ஸ்பேனரோடு சேர்த்துப் போட்டுத் தூக்கிவந்த டிஸ்க், ஓடிக்கொண்டிருக்கும்போதே தரையில் வைத்த கிரைண்டர், பெஞ்சில் ரெஸ்ட் இடைவெளி அதிகம். பாதியளவு பிய்ந்த டிஸ்க்கில் எடையும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். "மீதி இருக்கே" என்று ஓட்டாதீர்கள்.

### விளிம்பை நகத்தால் சுரண்டினாலே பொடியாக உதிர்ந்தால்

பிசின் செத்துவிட்டது. டிஸ்க்கின் நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அது பயன்படுத்தக் கூடிய கடைசிக் காலம். பிசின் டிஸ்க்குக்குத் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. ஈரத்தில் கிடந்தால் அதற்கு முன்பே பலவீனமாகும். மெல்லிய டிஸ்க்குகளைத் தட்டையாக அடுக்கி, மேலே ஒரு இரும்புத் தகடு வைத்து, உலர்ந்த இடத்தில் வையுங்கள். கல் வீல்களை நிமிர்த்தி நிறுத்தி வைப்பது நல்லது.

## அறிகுறி: சத்தம் வழக்கத்தைவிட கிறீச்சென்று உயர்ந்திருக்கிறது, வேகம் கூடியது போல் தெரிகிறது

இந்த அறிகுறியில் வீலைப் பார்ப்பது இரண்டாவது வேலை. ஓட்டுவதை நிறுத்திவிட்டு எண்ணைப் பாருங்கள்.

டிஸ்க் எண், மெஷின் எண். டிஸ்க்கில் அச்சிட்ட உச்ச வேகம், மெஷின் தகட்டில் உள்ள வேகத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். கை கிரைண்டர் டிஸ்க்குகள் பொதுவாக விளிம்பில் விநாடிக்கு 80 மீட்டருக்கானவை. சிவப்புக் கோடு அதைக் குறிக்கும். அது 100 மி.மீ.க்கு நிமிடத்துக்கு சுமார் 15,200 சுற்று, 125-க்கு 12,200, 180-க்கு 8,500, 230-க்கு 6,600.

இப்போது, கார்டைக் கழற்றிவிட்டு, 11,000 சுற்றில் ஓடும் 125 மி.மீ. கிரைண்டரில் 230 மி.மீ. டிஸ்க்கை மாட்டினால் என்ன ஆகும்? துளை இரண்டுக்கும் 22.23 மி.மீ.தான், பொருந்தும். விளிம்பு வேகம் விநாடிக்கு 132 மீட்டருக்குப் போகும். இழுவிசை, டிஸ்க் எதற்காகச் செய்யப்பட்டதோ அதைப்போல இரண்டேமுக்கால் மடங்கு. உடைந்தால் தடுக்க கார்டும் இல்லை. பெரிய மெஷினில் தேய்ந்து சிறுத்த டிஸ்க்கைச் சின்ன மெஷினுக்கு மாற்றுவதும் கூடாது. அச்சிட்ட எண்தான் எல்லை, தேய்ந்த அளவு அல்ல.

பெல்ட் புல்லி. நிமிடத்துக்கு 1,440 சுற்றும் மோட்டாரில் 150 மி.மீ. புல்லி, ஸ்பிண்டிலில் 75 மி.மீ. புல்லி என்றால் வீல் 2,880 சுற்றும். 200 மி.மீ. கல்லுக்கு விளிம்பில் விநாடிக்கு 30 மீட்டர். 35 மீட்டருக்கான வீலுக்குள் அடங்குகிறது. ஸ்பிண்டில் புல்லி உடைந்து, கையிலிருந்த 60 மி.மீ. புல்லியை யாரோ போட்டுவிட்டால் 3,600 சுற்று, 37.7 மீட்டர். எல்லை தாண்டிவிட்டது, இழுவிசை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது. வெளியே பார்த்தால் மெஷின் "நல்லா இழுக்குது" என்று மட்டும்தான் தெரியும்.

வேகம் மாற்றும் டிரைவ். 50 ஹெர்ட்ஸில் 2,850 சுற்றும் மோட்டாரை 70-க்கு ஏற்றினால் 4,000-ஐ நெருங்கும். டிரைவில் உச்ச ஹெர்ட்ஸ் அமைப்பை 50-லேயே பூட்டிவையுங்கள்.

காற்று கிரைண்டரின் கவர்னர், அதாவது வேகத்தை எல்லைக்குள் வைக்கும் பாகம். இதுதான் ஆபத்தான வகை. எண்ணெய் காய்ந்து, தூசி படிந்து கவர்னர் சிக்கிக்கொண்டால் மெஷின் தன் எல்லையைக் கடந்து ஓடும், நீங்கள் எதையும் மாற்றியிருக்க மாட்டீர்கள். முதலில் காற்றழுத்தம் தகட்டில் உள்ளதைவிட அதிகமா என்று பாருங்கள். பல மெஷின்களுக்கு 6.2 பார். பிறகு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, ஒளி டேகோமீட்டரால் வேகத்தை அளவெடுங்கள். தகட்டு எண்ணைத் தாண்டினால் மெஷினைத் தனியே எடுத்துவைத்து, அந்த வகையைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கவர்னரை வீட்டில் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டிப் பார்ப்பது இங்கே சிக்கனம் ஆகாது.

## அறிகுறி: வைர டிஸ்க்கில் பல் விழுகிறது

சூடு. உலர் வெட்டில் விடாமல் அழுத்தினால் எஃகு உடல் நீலம் பாய்ந்து, பல் ஒட்டிய இடம் விட்டுவிடும். ஆழமாக ஒரே மூச்சில் இறக்காமல் பல முறையாக எடுங்கள், நடுநடுவே வெளியே தூக்கிக் காற்றில் ஓடவிட்டு ஆறவையுங்கள். வெட்டாமல் பொறி மட்டும் பறந்தால் வைரம் மூடிக்கொண்டது. மணற்கல் அல்லது உரசும் தன்மையுள்ள செங்கல்லில் சில முறை இறக்கினால் திறக்கும். பல்லுக்கு இடையே உள்ள வெட்டுப் பள்ளத்தின் அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ ஒரே ஒரு பல் விழுந்தாலோ டிஸ்க் முடிந்தது.

## உடைந்த பிறகு, அடுத்த வீலைப் போடும் முன்

கார்டு நசுங்கியிருந்தால் தட்டி நிமிர்த்தாமல் புதிது போடுங்கள். ஒரு அடியை வாங்கிவிட்ட தகடு, வெல்ட், போல்ட்டு எதையும் இரண்டாவது அடிக்கு நம்ப முடியாது. ஃபிளாஞ்சைக் கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். ஸ்பிண்டிலில் டயல் கேஜ். கை கிரைண்டரில் கியர் மூடியின் அருகே விரிசல் விட்டிருக்கிறதா, ஸ்பிண்டில் பூட்டும் பொத்தான் தானாகத் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள்.

ஒரே பெட்டியில் வந்த இரண்டு டிஸ்க் ஒரே மாதிரி உடைந்து, மெஷினில் எந்தக் குறையும் தெரியவில்லை என்றால் அந்தப் பெட்டியையே நிறுத்திவையுங்கள். உடைந்த துண்டுகள், உலோக வளையம், லேபிள் மூன்றையும் ஒரு பையில் போட்டு, மெஷினின் எண்ணையும் வேகத்தையும் எழுதி, விற்றவரிடம் கொடுங்கள். தயாரிப்புத் தொகுதி எண் இல்லாமல் அவர்களால் எதையும் தேடிப் பார்க்க முடியாது.